பேரேட்டில் கட்டம் இல்லை

பேராசிரியர் ஹோல்ப்ரூக்
மேசைமேல் டேப் ரெக்கார்டரை வைத்தார்.
"நவம்பரில் நாடு அழுதது.
பிப்ரவரியில் ஆடியது.
நடுவில் பதினோரு வாரம்.
நீங்கள் கவுன்டரில் நின்றவர், சொல்லுங்கள்:
அந்தச் சாவு இல்லாமல் இந்தப் பாட்டு உண்டா?"

நான் கஸிமிர் ஸீல்கேயின் பேரேட்டை எடுத்தேன்.
கடை போயிற்று, அவரும் போய்ச் சேர்ந்தார்.
டொலீடோவில், லக்ரேன்ஜ் தெருவில்,
அந்த இடத்தில் இப்போது டயர் விற்கிறார்கள்.
பேரேடு மட்டும் என் துணி அலமாரியில்
நாப்தலின் வாசனையோடு.

நவம்பர் இருபத்திரண்டு, வெள்ளி.
மதியம்வரை இரண்டு போல்கா, ஒரு கிறிஸ்துமஸ் தட்டு.
கீழே ஒரு கோடு.
ஸீல்கே அளவுகோல் வைத்தே கோடு போடுபவர்.
அன்றையது மட்டும் வெறுங்கையால் இழுத்தது,
பக்கத்தின் பாதியில் நின்றுவிட்டது.

"பார்த்தீர்களா" என்று கோட்டைத் தொட்டார்.
"பக்கத்தைத் திருப்புங்கள்" என்றேன்.

டிசம்பரில் வழக்கமான வியாபாரம்.
துக்கத்துக்கு மருந்தாக ஒரு தட்டு கொடு என்று
யாரும் வந்து நிற்கவில்லை.
கிறிஸ்துமஸுக்கு என் தங்கைக்குக் கிடைத்தது
சோப்புக்கட்டி அளவில் ஒரு டிரான்சிஸ்டர்.
தெருவில் பாதி வீடுகளில் அதே பரிசு.
பள்ளி விடுமுறை, வாசலில் முழங்கால் பனி,
போக இடமில்லாத பதின்மூன்று வயது,
தலையணைக்கு அடியில் ஒரு குரல்.
இதற்கு எதற்கு ஒரு பிணம்?
ஜனவரியில் கம்பெனிக்காரன் அனுப்பிய
விளம்பரத் தாள்களில் எங்கள் ஜன்னலே மறைந்து
பட்டப்பகலில் விளக்குப் போட்டு விற்றோம்.
கடலுக்கு அந்தப் பக்கம்
அக்டோபரிலேயே பெண்கள் கத்தித் தொண்டை கட்டிக்கிடந்தார்கள்.
அங்கே யாருடைய சவ ஊர்வலம்?

காக்கை உட்கார்ந்தது நிஜம்.
பனம்பழம் விழுந்ததும் நிஜம்.
காம்பு முன்பே இற்றிருந்ததா என்று
மரத்தை யார் கேட்டார்கள்?

அவர் எழுதிக்கொண்டார்.
கெட்ட மனிதர் இல்லை.
தொலைந்த சாவிக்குப் பூட்டு தேடுகிறவர்.
"அப்படியானால் ஒன்றுமே நடக்கவில்லையா?"
"விற்பனை நடந்தது" என்றேன்.
நாடா தீர்ந்து, சக்கரம் சும்மா சுற்றியது.

நாடாவில் ஏறாதது ஒன்று உண்டு.

பிப்ரவரி ஞாயிறு, இரவு எட்டு.
நவம்பரில் நான்கு நாள் அணைக்காமல் வைத்திருந்த
அதே டிவி, அதன்மேல் அதே பூவேலைத் துணி.
அம்மா சமையலறையில் பியரோகிக்கு மாவு பிசைகிறாள்.
டெலோரஸ் கத்தினாள்.

நவம்பரில் அவள் அழவே இல்லை.
சவ வண்டிக் குதிரைகளை எண்ணி
"ஏழு" என்றாள், அவ்வளவுதான்.
இப்போது வந்த சத்தம்
ஒரு பாட்டுக்கு மிகவும் பெரியது.
அது எத்தனை நாளாக அவளுக்குள் நின்றுகொண்டிருந்தது,
எனக்குத் தெரியாது.

அம்மா மாவுக் கையோடு ஓடிவந்தாள்.
"இப்ப யாரச் சுட்டாங்க?"

"யாரையும் இல்லம்மா."
திரையில் நான்கு பையன்கள் தலையை ஆட்டினார்கள்.
அம்மா நம்பவில்லை. உட்காரவும் இல்லை.
அவர்களில் எவன் முதலில் விழுவான் என்று
காத்திருப்பவள் போலப் பார்த்தாள்.
பாட்டு முடிந்தது.
நால்வரும் இடுப்புவரை குனிந்தார்கள்.

நிமிர்ந்தார்கள்.
நான்கு பேரும்.

அப்புறம்தான் அம்மா உட்கார்ந்தாள்.
நாற்காலியின் இரண்டு கைகளிலும் மாவு.
"இன்னொன்னு பாடுவாங்களா?" என்றாள்.

திங்கள்கிழமைப் பக்கத்தில், பத்து மணிக்குள்,
அறுபத்திரண்டு தட்டுகள்.
கோடு நேராக இருக்கிறது, ஸீல்கேயின் அளவுகோல் கோடு.
அறுபத்திரண்டில் ஒன்று ஊழியர் விலையில் போனது.
வாங்கியது நான்.
யாருக்காக என்று எழுத
அந்தப் பேரேட்டில் கட்டம் இல்லை.